இருநூற்றுப் பத்து டிகிரி

தூத்துக்குடியில் பகுதிநேர டிப்ளமோ கணிதத் தேர்வை நான் மூன்றாவது முறையாக எழுதிய அன்று அவரைப் பார்த்தேன். வலப்பக்க வரிசையில், எனக்குச் சற்று முன்னால் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, கழுத்துப் பொத்தானையும் போட்ட வெள்ளைச் சட்டை.

கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. சைன் இருநூற்றுப் பத்தின் துல்லியமான மதிப்பைக் கேட்டிருந்தார்கள். அவர் பேனாவை வைத்துவிட்டு உடம்போடு இடப்பக்கம் திரும்பினார். இன்னும் கொஞ்சம் பின்னால் திரும்பி, முகம் என் விடைத்தாளுக்கு நேராக வந்ததும் நிறுத்தினார்.

கண்காணிப்பாளர் அம்மா ஓடிவந்து அவர் தாளைப் பிடுங்கினார். “காப்பி அடிக்கிறீங்களா? வெளியே போங்க.”

“இல்ல மேடம், ஆங்கிள் பாக்கேன். வலது கை பூஜ்யம், போர்டு தொண்ணூறு, இடது கை நூத்தியெண்பது. அதத் தாண்டி முப்பது வந்திருக்கேன். சைன் முப்பது அரை. போர்டுக்கு எதிர்ப்பக்கம் வந்துட்டதால மைனஸ். கிரேன்லயும் இப்படித்தான் திரும்புதேன்.”

அந்த அம்மா நம்பவில்லை. நான் எழுந்து என் தாளைக் காட்டினேன். அதில் கேள்வி எண் மட்டும் இருந்தது.

“என்கிட்ட பாக்க ஒண்ணும் இல்ல மேடம்.”

இதை உடனே நம்பினார். தாள் கிரேன்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. நான் உட்கார்ந்து, அவர் சொன்ன விடையை எழுதினேன்.

தேர்வு முடிந்ததும் மனசு கேட்காமல் பைக் ஸ்டாண்டில் அவரிடம் போய் அதைச் சொன்னேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

“மைனஸ் போட்டியளா?”

“போட்டேன் அண்ணாச்சி.”

“அப்ப சரி” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.