ஆர்லன் செத்துப்போன வாசிப்புக் கூட்டம்

முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவரின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள் டெல்மா. வெந்நீரில் ஊறியும் கட்டைவிரல் நகம் கொம்பு மாதிரிதான் இருந்தது. அவளுக்கு அறுபத்தொரு வயது. பகலில் இந்த வேலை, விடியுமுன் சமையலறை மேசையில் நாவல். மூன்று வெளிவந்தாயிற்று. ஊரில் வாங்கியவர்கள் ஏழு பேர், அதில் ஒருவர் அவளுடைய பல் டாக்டர். நான்காவதும் விற்காவிட்டால் ஐந்தாவதைப் போட முடியாது என்று நியூயார்க் பதிப்பாசிரியை சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் வெளிவந்த நான்காவதில் ஒரு விதவை தன் கதையைச் சொல்கிறாள். புருஷன் ஏரியில் பனி உடைந்து மூழ்கிவிடுகிறான். டெல்மாவின் புருஷன் ஆர்லனோ பத்து நாளாக உறைந்த ஏரிமேல் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். மின்னசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், ‘நான்’ என்று அச்சில் எழுதியவள் பொய் சொல்லுவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாலையில் நூலகத்தில் வாசிப்பு. வழக்கமாக நாலு பேர் வருவார்கள். இன்று நாற்காலி போதவில்லை. சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற ஹாட்டிஷ் என்ற சுட்ட கலவை ஒன்பது பாத்திரம் வந்திருந்தது. எல்லாவற்றிலும் கறியும் காளான் சூப்பும், மேலே உருளைக்கிழங்கு.

நூலகர் வெர்னா டெல்மாவைக் கட்டிக்கொண்டாள். “மனசைத் தளரவிடாத. இந்த வாரம் நாப்பத்தொரு புஸ்தகம் வித்திருக்கு. அழணும்னா அழு.”

“எனக்கு அழுகை வரலையே.”

“அதான் எல்லாருக்கும் பயமா இருக்கு.”

டெல்மாவுக்கு விஷயம் புரிந்தது. அரை மணி நேரம் விதவையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று பக்கத்தைத் திறந்தாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஆர்லன் வந்தான், கையில் மீன் வாளியோடு.

“வாசனை தூக்குதே! யாரு செத்தது?”

“நீதான்,” என்றாள் வெர்னா.

“எப்போ?”

“முப்பத்திரண்டாம் பக்கத்துல.”

“அப்போ எனக்குத்தான் முதல் தட்டு.”

பாதிரியார் தொண்டையைச் செருமினார். “ஜெபம் எழுதிக் கொண்டுவந்துட்டேன். வீணாக்கக் கூடாது.” படித்தார். ஆர்லன் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு உரக்க ஆமென் சொன்னான்.

முன்வரிசையில் இருந்த பெர்னிஸ் எழுந்தாள். “இவனுக்காக ரெண்டு நாள் அழுதிருக்கேன். புஸ்தகத்தைத் திருப்பி எடுத்துக்கோ.”

டெல்மா கணக்குப் போட்டாள். ஒருத்தி திருப்பித் தந்தால் நாற்பத்தொன்றும் திரும்பிவிடும்.

“கடைசி வரைக்கும் படிச்சியா?”

“படிக்காமயா அழுவேன்?”

“அழ வெச்சது புஸ்தகம். ஆர்லன் மீன்தானே பிடிச்சுக்கிட்டிருந்தான்?”

பெர்னிஸ் யோசித்தாள். பிறகு குனிந்து, “அடுத்ததுல என் வீட்டுக்காரரைச் சாகடிப்பியா?” என்றாள்.

“எனக்குக் காது கேக்குது, பெர்னிஸ்,” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

“கேக்கட்டும். டெல்மா, பனியில மட்டும் வேண்டாம். இவருக்குக் குளிர் ஆகாது.”

அதே கோரிக்கையோடு அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை.

மறுநாள் காலை டெல்மா நியூயார்க்குக்கு போன் செய்து, விற்ற கணக்கைச் சொல்லி, ஐந்தாவதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆர்லன் ஒன்பது பாத்திரங்களையும் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து வீடு வீடாகக் கொடுத்தான். பெர்னிஸ் மட்டும் கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“உள்ள வராத ஆர்லன். உன்னை உயிரோட பாக்குறதுக்கு எனக்கு இன்னும் ரெண்டு நாள் ஆகும்.”