துணைக்குப் போகிறவர்

ஒரு தோளில் ஒருவன் பை, இன்னொரு தோளில் இன்னொருவன் பை, மடியில் யாருடையதோ ஹெல்மெட், சட்டைப் பை பிதுங்கப் பிதுங்க அணைத்து வைத்த செல்போன்கள். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் சீனியர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். உள்ளே இன்டர்வியூ நடக்கிறது. பை, போன், ஹெல்மெட் எதையும் உள்ளே விடமாட்டார்கள். நம்பி விட்டுவிட்டுப் போக வெளியே ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் இவர். டீயைக்கூட இடது கையால்தான் குடிப்பார். வலது கை பைகளின் வாரை விடாது.

"நீங்க ஏஜென்ட்டா சார்?" என்று வாட்ச்மேன்கள் கேட்பார்கள்.

"இல்லண்ணே, நானும் படிச்சவன்தான். பசங்களுக்குத் துணையா வந்தேன்."

"அப்ப நீங்க உள்ள போகலையா?"

"எனக்கு இன்னைக்கு இல்லண்ணே" என்பார், என்னவோ நாளைக்கு இருக்கிற மாதிரி.

இவரை 'அவர்' என்று எழுதுவதா, 'அவன்' என்று எழுதுவதா என்று நமக்கே முதலில் ஒரு தயக்கம் இருந்தது. முப்பது இன்னும் முடியவில்லை. வேலையில்லாதவனுக்கு இந்த உலகத்தில் யார் 'அவர்' போடுகிறார்கள்? சொந்தச் சித்தப்பாவே "அவன் இன்னும் சும்மாதான் இருக்கானா?" என்றுதான் விசாரிக்கிறார். போகட்டும், நாமாவது போடுவோம். நமக்கென்ன குறைந்துவிடப் போகிறது?

படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நன்றாகத்தான் படித்தார். கல்லூரிக்கே ஆள் எடுக்க வந்த கம்பெனியில் வேலையும் கிடைத்தது. மாலை போடாத குறைதான், துறைத்தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். சேரும் தேதியைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். மற்றவனாக இருந்தால் நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டிருப்பான். இவர், "கூப்பிடுறோம்னு வாக்கு குடுத்திருக்காங்க, நாம வேற எடத்துல போய் உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்று கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். அந்தக் கம்பெனி அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் ஒரே கேள்வி: படித்து முடித்து இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்? ஒரு இடத்தில் எரிச்சலில், "கூப்பிடுவாங்கன்னு இருந்தேன் சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். இவரும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார்.

இப்போது ஒரு பிரவுசிங் சென்டரில் மதியம் வரை வேலை. கல்லூரியிலிருந்து புதிதாக வெளியே வருகிற பிள்ளைகளுக்கு பயோடேட்டா அடித்துத் தருகிறார். யார் கேட்டாலும், "தற்காலிகமா இங்க இருக்கேன்" என்பார். அந்தத் தற்காலிகம் தொடங்கிய பிறகு கடை ஒருமுறை இடம் மாறிவிட்டது, முதலாளி மகனுக்குக் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகிறது. அது கிடக்கட்டும். அடிக்கும்போதே பிள்ளைகளுக்கு விவரம் சொல்வார்: "அங்க மொட்டைத்தலை சார் ஒருத்தர் இருப்பாரு. 'அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை எங்க பாக்கலாம்'னு கேப்பாரு. யோசிக்காத. யோசிச்சேன்னா வாசலைக் காட்டிருவாரு." ஒரு குறும்புக்காரப் பெண், "உங்கள எங்க பாக்கலாம் சார்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். "எதுத்த டீக்கடைலதாம்மா" என்றார் சீனியர். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பிரிண்டர் ஓடியதே கேட்கவில்லை.

துணைக்குப் போகிற பழக்கம் அறையில் தொடங்கியது. மாடியில் ஒற்றை அறை, வரிசையாகக் கட்டில்கள், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். வேலை தேடி ஊர் ஊராய் வருகிற பையன்களுக்கென்றே கீழ்வீட்டு அம்மா விடுகிற அறை. வந்த புதிதில் யாருக்கும் பஸ் நம்பர் தெரியாது, கம்பெனி இருக்கும் திசை தெரியாது. பயத்தில் காலையிலேயே கழிப்பறையைவிட்டு வெளியே வராதவர்களும் உண்டு. அவர்களை இழுத்துப் பிடித்து, தலை வாரச் சொல்லி, பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் கேட்டில் விடுவார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. யாருக்கு இன்டர்வியூ என்றாலும், "சீனியர், வர்றீங்கல்ல?" என்பார்கள். இவரும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

இந்தப் பழக்கம் இவருடைய சொந்தப் பிழைப்பிலேயே மண் போட்ட கதையும் உண்டு. அன்று அபூர்வமாக இவருக்கே இன்டர்வியூ. கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறார். முன்னால் நின்றவன், முன்பின் தெரியாதவன், இவர் முகத்தைப் பார்த்தான். பையைக் கழற்றி, "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். கை தானாக நீண்டு வாங்கிவிட்டது. உள்ளே போனவன் வெளியே வரக் காணோம். அதற்குள் இவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தவன் பொருளைத் தெருவில் போட்டுவிட்டுப் போக மனசு வருமா? வாட்ச்மேனிடம் கெஞ்சினார், அவன் மாட்டேன் என்றுவிட்டான். இவர் பையைப் பார்க்கிறார், கேட்டைப் பார்க்கிறார். மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பைக்காரன் வெளியே வந்து, "ரொம்ப தேங்ஸ்ணே, எனக்குக் கிடைச்சிருச்சு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். சீனியர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இவரை என்ன செய்வது, சொல்லுங்கள். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்!

வீட்டில் தங்கை வேலைக்குப் போகிறாள். நல்ல வேலை. இவர் ஊருக்குப் போனால் அவள் தன் ஆபீஸ் பேச்சை எடுக்க மாட்டாள். சம்பளம் கூடினதைக்கூட அம்மா சொல்லித்தான் இவருக்குத் தெரியும், அதையும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இவர் வந்து உட்கார்ந்ததும் டிவி சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். அதனால் ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலை கிடைத்துப் போனார்கள். போனவர்களின் அடையாளம் அங்கங்கே கிடக்கிறது: பிடி இல்லாத பக்கெட், காலாவதியான போட்டித் தேர்வுப் புத்தகங்கள், ஒரு காலில் மட்டும் வார் அறுந்த செருப்பு. ஆனால் போனவர்கள் யாரும் போன் செய்து, "சீனியர், கிடைச்சிருச்சு" என்று சொன்னதில்லை. முடிவு கேட்க இன்னொரு நாள் தனியாகத்தான் போவார்கள். கிடைக்காதவன் கம்பெனி கேட்டிலிருந்தே அழைத்துவிடுவான். "போச்சு சீனியர்" என்று மூக்கை உறிஞ்சுவான். கிடைத்தவன் முதலில் அம்மாவிடம் சொல்வான், பிறகு காதலிக்குச் சொல்வான், பிறகு தன்னை மட்டம் தட்டிய மாமன்மாருக்கெல்லாம் சொல்வான். சீனியரின் முறை வரும்போது அவன் விரல் நின்றுவிடும். மறுநாள் பெட்டி எடுக்க வரும்போதுதான், தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொல்வான். அப்படிப் போன ஒருத்தன் பிறகு ஒரு கல்யாண வீட்டில் இதை வாய்விட்டே சொன்னான்: "உங்ககிட்ட எப்படிச் சொல்றது சீனியர்? நீங்க சந்தோஷப்படுவீங்க. அதான் கஷ்டமா இருந்துச்சு."

நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நல்ல மனசின் பலன், போன் சும்மா கிடந்தால் காரியம் ஜெயம் என்று இவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முடிவு தெரிகிற நேரத்தில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது அடிக்காது. "கிடைச்சிருச்சு பயலுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து கை கழுவப் போவார்.

கடைசியாக மிஞ்சியவன் ஒல்லி. பெயருக்கு ஏற்ற உடம்பு, வாய் மட்டும் பெரிது. குளித்துக்கொண்டே பாடுவான், பாடிக்கொண்டே திட்டுவான், தூக்கத்தில்கூட யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பான். சீனியரின் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்கிற ஒரே ஆள். "உங்களுக்கு ஒரு பொண்ணு பாக்கணும் சீனியர், மொதல்ல வேலைக்குப் போற பொண்ணா பாக்கணும்" என்று கிண்டல் செய்கிற ஒரே ஆளும் அவன்தான். மற்றவர்கள் இவரிடம் பேசும்போது வார்த்தையைப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். ஒல்லிக்கு அந்தக் கவனமெல்லாம் கிடையாது. அதனாலேயே அவன்மேல் இவருக்கு உயிர்.

ஒல்லிக்குச் சென்ற வாரம் வெளியூரில் கடைசிக் கட்ட இன்டர்வியூ வந்தது. சீனியர் முதல் நாளே தன் சட்டையையும் சேர்த்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். சாயந்திரம் ஒல்லிக்கு அவன் அம்மா போன். அந்த அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. "அந்தப் பையன் கூடவா போற? அவன் கூடப் போன எந்தக் காரியம்டா உனக்கு வெளங்குச்சு? தனியா போயிட்டு வாடா கண்ணா." ஒல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்றான். சீனியர் ஏற்கெனவே மடித்திருந்த போர்வையைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

போனை வைத்துவிட்டு ஒல்லி சொன்னான்: "அவ்ளோ தூரம் நீங்க எதுக்கு சீனியர் அலையணும்? நானே போயிட்டு வந்துர்றேன்."

"நானும் அதான் சொல்லலாம்னு இருந்தேன். கடையில நாளைக்குக் கூட்டம் இருக்கும்" என்றார் சீனியர்.

மறுநாள் கடையில் கூட்டம் ஒன்றும் இல்லை. ஒரு பயோடேட்டா அடித்தார், அதிலும் வந்தவனின் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒல்லியின் பெயரை அடித்துவிட்டு அழித்தார். மதியம் அறைக்கு வந்தார். முடிவை அன்று மாலையே சொல்லிவிடுவார்கள் என்று ஒல்லி சொல்லியிருந்தான். கடவுளே, அவனுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார். அப்பா இல்லாத பிள்ளை, அந்த அம்மாள் பாவம், தையல் மிஷினில் காலைத் தேய்த்துப் படிக்க வைத்தவள். வேண்டி முடித்த வாயோடு கண் ஒல்லியின் கட்டிலுக்குப் போனது. அவசரத்தில் சுருட்டி எறிந்த லுங்கி, பாதி கடித்து வைத்த பிஸ்கட் பொட்டலம். இந்தக் கட்டிலும் காலியானால் இந்த அறையில் யார் வாய் பேசும்? ஒரு கணம், ஒரே கணம்தான், அந்த நினைப்பு வந்துவிட்டது. 'சீ, நாய்ப் புத்தி' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்து அறையைக் கூட்டினார்.

கீழ்வீட்டு அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருமாமே?"

"ஆமாம்மா. கிடைச்சிரும்."

"கிடைக்கட்டும், நல்ல பிள்ளை. அவனும் போயிட்டா நீ ஒத்தையில எதுக்குப்பா இம்புட்டுப் பெரிய ரூம்ல? மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன ரூம் இருக்கு, ஒழிச்சுத் தர்றேன். ஒரு ஆளுக்கு அது போதும்."

"போதும்மா" என்றார் சீனியர்.

வெயில் இறங்கியது. பக்கத்து வீட்டுச் சுவர் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகிவிட்டது. ஒல்லி சொன்ன நேரமும் ஆயிற்று. போனைத் தன் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. ஒல்லி இந்நேரம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பான், அந்த அம்மாள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நல்லது. ரொம்ப நல்லது. "கிடைச்சிருச்சு பயலுக்கு" என்று சொல்லிப் பார்த்தார், சத்தம் வரவில்லை. சரி, முகம் கழுவிவிட்டு வரலாம் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

போன் அடித்தது. திரையில் ஒல்லி. பின்னால் பஸ்களும் லாரிகளும் போகிற கேட் வாசலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. பாவி மகனுக்கு இந்தத் தடவையும் போய்விட்டது.

சீனியரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கன்னம் இரண்டும் விம்மி, பல்லெல்லாம் தெரிய, தடுக்க முடியாமல் வந்துவிட்ட சிரிப்பு. அது வந்ததை அவரே உணர்ந்து திடுக்கிட்டுப் போனார். போனை எடுக்க நீண்ட கையை இழுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அழுத்தித் துடைத்தார். சிரிப்பு போகவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்க, தோல் எரியும்வரை மறுபடியும் தேய்த்துத் துடைத்தார்.