வெட்டச் சொன்னது ஒரு மரம்

உக்குவளையில் எங்கள் கோப்பிச் சங்கத்திலிருந்து மரங்களைக் கழித்துக் கவாத்து வெட்ட ஒருவர் வருவார். ஒல்லியான, நரைத்த மனிதர். வீட்டாரிடம் பேசுமுன் மரத்தைத்தான் தட்டிப் பார்ப்பார். ஒரு கிழட்டுக் கோப்பி மரத்தை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால், ஒரு வரிசையே முழங்கால் உயரக் கட்டைகளாக நின்றது.

“ஒன்னத்தானே வெட்டச் சொன்னேன், அண்ணே! இந்த வருஷம் சங்கத்துக்கு என்னத்தக் கொண்டு போறது?”

“எல்லாமே கெழடு, தங்கச்சி. ரெண்டு வருஷம் பொறுங்க, கெளை தாங்காம காய்க்கும்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ மரம் அறுத்த வாளைத் துடைத்துக்கொண்டு, “குடிக்க ஒரு கோப்பி குடுங்களேன்” என்றார்.

சீனி போடாமல் கொடுத்தேன். ரசித்துக் குடித்தார்.

இப்போது கட்டைகளெல்லாம் துளிர்த்திருக்கின்றன. இருந்தாலும் அவர் தலை தெரிந்தால் நான் தோட்டத்தைவிட்டு நகர்வதில்லை.