சன்னலோர மேசை

எங்கள் ஆய்வு நிறுவனக் கட்டடத்தில் நாற்பத்தொரு கதவுகள். அத்தனைக்கும் சாவி ஒருத்தியின் இடுப்பில். அதனால் சாவியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. என்னைவிட மூன்று வயது இளையவள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பதினேழு வருஷமாகக் கட்டடமும் உணவறையும் அவள் பொறுப்பு. எந்த அறையின் புரொஜெக்டர் தட்டினால்தான் எரியும், எந்தப் பேராசிரியர் குடையை மறந்துவிட்டுப் போவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேலை மட்டும் வருஷ ஒப்பந்தம். ஒவ்வொரு கோடையிலும் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. மகளுக்கு நர்ஸ் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

அதே கோடையில்தான் முனைவர் பட்ட மாணவர்களுக்கான சமூக அறிவியல் பயிற்சிப் பள்ளியும் இங்கே நடக்கும். பொருளாதாரம், சமூகவியல், உளவியல், மானுடவியல் என்று ஆளுக்கொரு துறையாக நான்கு பேர் ஒரு குழு. பத்து நாளில் கட்டடத்துக்குள்ளேயே ஏதாவது ஒன்றை ஆராய்ந்து சொல்ல வேண்டும். பெயர் அட்டை, அறை ஒதுக்கீடு எல்லாம் குமாஸ்தாவான என் தலையில். போன வாரம் ஒரு குழுவின் பொருளாதாரப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவள் சாவியக்கா. அந்தக் குழுவுக்கு அவள் என்றால் உயிர்.

"அக்கா, எங்க ஆராய்ச்சியில நீங்களும் இருக்கீங்க. கண்டிப்பா வரணும்" என்று அழைத்திருந்தார்கள். கடைசி நாள், குழுக்கள் ஆராய்ச்சியைச் சொல்லும் அரங்குக்குத் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் சாவியக்கா.

உணவறையின் சன்னலோர மேசைதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். நல்ல வெளிச்சமுள்ள அந்த மேசையில் தோட்டக்காரரோ துப்புரவுக்காரர்களோ உட்கார வந்தால் சாவியக்கா விரட்டிவிடுகிறாளாம். பன்னிரண்டு தடவை குறித்திருந்தார்கள். படிநிலை, ஒதுக்கல், அதிகாரத்தின் கடைசிக் கண்ணி என்று வண்ண வண்ணமாய் நான்கு வரைபடங்கள்.

சாவியக்காவின் முகம் மெல்ல மெல்ல வாடியது. "நான் என்ன தப்புப் பண்ணேன், அண்ணே?" என்று காதோடு கேட்டாள். முன்வரிசையில் இயக்குநரின் நெற்றி சுருங்கிவிட்டது. அவளுடைய ஒப்பந்தத் தாள் அன்று அவர் கோப்பில்தான் இருந்தது. காலையில் வைத்தவனே நான். வந்ததே எனக்குக் கோபம்!

எழுந்தேன். "எந்த நேரத்துல பார்த்தீங்க?"

"பத்து மணிக்கு சார்" என்றாள் பொருளாதாரப் பெண்.

"பத்து மணிக்குத் தொழிலாளிங்கதான் வருவாங்க. ஒரு மணிக்குப் பேராசிரியர்களையும் இவ அதே விரட்டுதான் விரட்டுவா. அப்ப உங்களுக்கு வகுப்பு. சரி, இவகிட்ட ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டா அவங்க இயல்பு மாறிடும்னு..."

"அடக் கடவுளே! நாலு துறை! அந்த மேசையில ஒருத்தராவது உட்கார்ந்து பார்த்தீங்களா?"

இயக்குநர் எழுந்து நேரே உணவறைக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். அவர் அங்கே உட்கார்ந்து, கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அந்த மேசையில் வைத்து முழங்கையை ஊன்றினார். மேசை ஒரேயடியாகச் சாய, தேநீர் முழுக்க அவர் மடியில். நல்லவேளை, ஆறிப்போன தேநீர்.

"இதுக்குத்தான் சார் விரட்டுறேன்" என்று துண்டை நீட்டினாள் சாவியக்கா. "ஒரு கால் ஆடுது. சுடச்சுட யார் மேலயாவது கொட்டிட்டா? சரி பண்ணச் சொல்லி மூணு தடவை எழுதிக் குடுத்தேன்."

"யார்கிட்ட?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் என்னைப் பார்த்தாள், உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள். "ஞாபகம் இல்ல சார்."

பதினேழு வருஷத்தில் ஒரு சாவியைக்கூட மறக்காதவள்! அடுத்த வருஷப் பிழைப்பே ஊசலாடும்போதும் என்னைக் காப்பாற்றுகிறாள்!

"என்கிட்டதான் சார்" என்றேன். "மூணும் என் மேசையில, கோப்புக் கட்டுக்கு அடியில கிடக்கு. அவங்கமேல ஒரு தப்பும் இல்ல."

பொருளாதாரப் பெண் ஓடிவந்து சாவியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அடச்சீ, இதுக்குப் போயி! முதல்ல மூக்கைத் துடை" என்றாள் அவள்.

இயக்குநர் அவள் ஒப்பந்தம் இருந்த கோப்பைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே பேனாவைத் திறந்தார். மேசை ஆடாமல் நானும் சாவியக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கையெழுத்தான தாளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதையாவது அந்தக் கட்டுக்கு அடியில வச்சிடாதீங்க."