கடைசிக் குஞ்சுக்கு ஒரு சாட்சி

காப்பார் ஊருக்குப் பக்கத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள். தூண்களின் மேல் பொருத்திய ஆந்தைப் பெட்டிகளை ஏணியில் ஏறிப் பார்த்துவருவது சலோமி அக்காவின் வேலை. ஞாயிறானால் பிரிக்பீல்ட்ஸ் சபையில் எங்களோடு முன்வரிசையில் இருப்பார். சாட்சி நேரத்தில் எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்லாமல் அவர் வீடு திரும்பியதில்லை. தன் கடைசிப் பெண்குழந்தை பிறந்த வாரமே இறந்தபோதும் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள் "கர்த்தர் சித்தம்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டு, மீகூன் நூடுல்ஸை வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் விடாத மழை. ஆந்தைக்கு இரை அகப்படவில்லை. ஒரு காலை அக்கா பெட்டியைத் திறந்தால், கடைசியாகப் பொரித்த குஞ்சை மூத்த குஞ்சுகள் தின்றுகொண்டிருந்தன.

"அது அப்படித்தான் லா," என்றார் சூப்பர்வைசர். "இரை பத்தலைன்னா கடைசிக் குஞ்சுதான் மத்ததுக்குச் சாப்பாடு."

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எங்கள் சபை பாஸ்டர் ராஜனைப் போனில் பிடித்து, ஏன் இப்படி என்று கேட்டார்.

"ஆதாம் செஞ்ச பாவத்தால வந்த கேடுக்கா," என்றார் பாஸ்டர்.

"மனுசன் வர்றதுக்குக் கோடி வருசம் முன்னாடியே மிருகங்க ஒண்ணையொண்ணு தின்னுச்சாம். என் மகன் பிரவின் காலேஜ்ல படிச்சிருக்கான். ஆதாமை ஏன் இழுக்கிறீங்க பாஸ்டர்? தீனிக்குன்னே அந்தக் குஞ்சைப் படைச்சாரா? அப்ப என் பாப்பா?"

ஜெபிக்கிறேன் என்று சொல்லி பாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. சாட்சிக்கு எழுந்தார் அக்கா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபை "ஸ்தோத்திரம்" சொல்வது எங்கள் வழக்கம்.

"இந்த வாரம் ஆந்தைப் பெட்டியைத் திறந்தேன்."

"ஸ்தோத்திரம்!"

"கடைசிக் குஞ்சை மத்தது தின்னுருச்சு."

"ஸ்தோத்திரம்!"

நாக்கு பழகிப்போன கூட்டம்! சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என் பாப்பாவும் கடைசிதான்," என்றார் அக்கா. "அவளை எதுக்குப் படைச்சாருன்னு தெரியாம இன்னைக்கு என்னால நன்றி சொல்ல முடியல."

பாஸ்டர் மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"எனக்கும் தெரியலக்கா. தெரிஞ்ச மாதிரி போன்ல பேசினது தப்பு. பாப்பா பேரு என்ன?"

அக்கா அவரை வெறித்துப் பார்த்தார். அடக்கம் செய்த நாளில்கூட யாரும் அதைக் கேட்கவில்லை.

"தாமரை."

பாஸ்டர் முழங்காலிட்டார். "ஆண்டவரே, தாமரை..." என்று தொடங்கியவருக்கு அழுகை முட்டியது. இம்முறை சபையில் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அக்கா மட்டும் மெல்ல "ஆமென்" என்றார்.