மாடு நக்கிய வெயில்

நெடுந்தீவில் படக் கண்காட்சி வைக்கப்போகிறோம் என்றதும் சிரித்தார்கள். "கடலையும் மாட்டையும் பார்க்கக் கண்காட்சி எதுக்கடா? கண்ணைத் திறந்தால் காணுமே!" என்றார் பக்கத்து வளவுக்காரர்.

நானும் கூட்டாளிகளும் விடவில்லை. பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணை, கோதுமை மாச்சாக்குத் துணியில் கீறிய படங்களைக் கல்வேலி நெடுக மாட்டினோம். தீவைக் கீறத் தீவின் நிறம்தான் வேணும் என்று அவருக்கொரு பிடிவாதம். கறுப்புக்கு விளக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு, மஞ்சளுக்குப் பனம்பழம் பிசைந்த பனங்களி. ஆகப் பெரிய படத்தில் ஒருவர் தன் மாட்டின் வயிற்றில் தலைவைத்து வெயிலில் தூங்குவார். அந்த வெயில் முழுக்கப் பனங்களி.

கொழும்பில் ஓவியம் படிப்பிக்கிற ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அண்ணைக்கு அங்கே படிக்க இடம். இல்லையென்றால் தெற்கே மாத்தறையில் மாமாவின் கடையில் வேலை.

படகு தெரிந்ததும் எல்லோருமே துறைக்கு ஓடிவிட்டோம். பனம்பழக் காலம். மாடுகள் கட்டில்லாமல் பழம் தேடித் திரிகிற நேரம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. வந்தவர் முதல் படங்களில் நின்றுவிட, முன்னால் போன நாங்கள் கண்டது, பெரிய படத்தை நக்கிக்கொண்டு நின்ற வளவுக்காரரின் சிவலை மாட்டை. துரத்தினோம். படத்து வெயிலில் பாதி போய்விட்டது. மாட்டின் நாக்குப் போன வழியெல்லாம் வெறும் துணி.

வந்தவர் அந்தப் படத்தின் முன்னால் கனநேரம் நின்றார். "இப்பிடி அழிச்சு விட ஒரு துணிவு வேணும். பார்த்த மற்றப் படங்களில இது இல்லை. எப்பிடி யோசிச்சனீர்?"

நான் அண்ணையின் கையைக் கிள்ளினேன். பேசாமல் நின்றாலே போதும்.

"அது நான் செய்ததில்லை, சேர். மாடு நக்கினது."

"அப்ப என்ர சிவலைக்கும் ஒரு இடம் குடுங்கோ, சேர்!" என்று வளவுக்காரர் கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வந்தவரும் சிரித்தார், வாயால் மட்டும். மிச்சப் படங்களை நடந்தபடியே பார்த்துவிட்டு, படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

போன மாதம் மாத்தறைக்குப் போயிருந்தேன். கடையில் அண்ணையிடம் கேட்டே விட்டேன்: "அண்டைக்கு நீங்கள் பேசாமல் நிண்டிருக்கலாம்தானே?"

"நிண்டிட்டு? அங்க போய் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மாட்டைத் தேடுறதோ?" அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

"அப்ப இப்ப ஏன் படம் கீறுறேல்லை, அண்ணை?"

கடைக்கு ஆள் வந்துவிட்டது. அவர் பருப்பு நிறுக்கப் போனார்.