ஒரு நாள்கூட நிற்காத தளம்

எங்களை நம்பி எழுதியவர்களின் பெயர்களைத் தூக்கிக் கொடுத்தவன் நீதான். சர்வர் கோளாறு என்று கதை விடாதே. வெளியூர்க்காரன் எவனும் வந்து திருடவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நீ கொடுத்தாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு விவரம் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். நடுவில் உன்னை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். அப்போது உன்மேல் எனக்கு அந்த மரியாதை இருந்தது.

2011 வாக்கில் நான் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆள். பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருக்கிற அச்சு கீழே இறங்கும். கை உள்ளே இருந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். உற்பத்தி குறைந்தால் ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு கை பட்டனில், ஒரு கை உள்ளே. எங்கள் ஷிப்டிலேயே இரண்டு பேருக்கு விரல் இல்லை. இரண்டு பேரின் ஆஸ்பத்திரி சீட்டிலும் படியில் விழுந்ததாக எழுதியிருந்தது.

சேரப்பணஞ்சேரியில் ஒரு அறையில் நானும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் ஒருவனும் தங்கியிருந்தோம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. புரோகிராம் எழுத நானாகவே கற்றுக்கொண்டு ஒரு இணையதளம் செய்தேன். எந்தக் கம்பெனி ஆளும் தன் மெஷினில் என்ன கோளாறு என்று எழுதலாம். பெயரும் போன் நம்பரும் எங்கள் இருவருக்கு மட்டும் வரும். நாங்கள் பேசி விசாரித்துவிட்டு, கோளாறை மட்டும் பக்கத்தில் போடுவோம். இதுதான் தளம். எழுதி முடிக்க ஒரு மாதம். அதை எந்தக் கம்பெனியின் சர்வரில் வைப்பது என்று முடிவெடுக்க இரண்டு மாதம்.

அமெரிக்கக் கம்பெனிகள் நிறைய இருந்தன. விலை குறைவு, வசதி அதிகம். ஆனால் கிரெடிட் கார்டு கேட்டார்கள். எங்கள் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டை நாலு இடத்தில் போட்டுப் பார்த்தேன், நாலும் தள்ளிவிட்டது. வடக்கே ஒரு கம்பெனிக்குப் போன் செய்தால் இந்தியில் பேசினான். ரூம்மேட்டின் மச்சான் சிங்கப்பூரில் இருந்தான், கார்டு வைத்திருந்தான்.

"அவன்ட்ட சொல்லி அமெரிக்காவுலயே வைப்போம்ல," என்றான் ரூம்மேட்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எவனிடமோ கெஞ்சுவானேன் என்று ஒரு ரோஷம். அதோடு, கோளாறு வந்தால் அமெரிக்காக்காரனுக்கு இங்கிலீஷில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. கூட்டுரோட்டில் ஒருவர் ஹோஸ்டிங் தருகிறார், தமிழில் பேசுவார், நேரில் போய்க் கேட்கலாம் என்றேன்.

"நீ நேர்ல போயி கேக்கலாம்னு சொல்லுத. உன்னப்போல இன்னும் நாலு பேரு நேர்ல போயி கேப்பாம்லா. அத யோசிச்சியா?"

"நீ எல்லாத்துக்கும் பயப்படு," என்றேன்.

ஷிப்டு முடிந்து மத்தியானம் மாடியேறினேன். மேசை நிறைய அடையாள அட்டைகள். காண்ட்ராக்டர்களுக்கு அவர்தான் அச்சடித்து, லேமினேட் செய்து, கயிறு கோத்துக் கொடுப்பார். ஒரே மாதிரி நீலப் பின்னணியில் நூற்றுக்கணக்கான முகங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். எனக்கோ, இத்தனை கம்பெனி நம்பி வருகிற ஆள் என்று தைரியம் வந்தது.

"இன்னா தம்பி, சைட்டா? எத்தினி பேஜு?"

சொன்னேன். எதற்கான தளம் என்பதையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

"நல்ல காரியம். செய். உன் சைட்டு ஒரு நாள்கூட நிக்காது. நின்னா மேல வந்து என் சட்டையப் புடி."

ஒரு ஃபார்மை நிரப்பினார். டொமைன் உரிமையாளர், அதாவது தளத்தின் முகவரி யாருக்குச் சொந்தம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரூம்ல கீற பசங்க அட்ரஸ் இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. எதுனா லெட்டர் வந்தா யாரு வாங்குவா? என் பேர்ல இருக்கட்டும். பாஸ்வேர்டு உன்னாண்ட குடுத்துர்றேன். போதும்ல?"

அவர் சொன்னது உண்மைதான். அதற்குள் மூன்று அறை மாறியிருந்தேன். ரேஷன் கார்டு ஊரில். கேஸ் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். சிம் கார்டுகூட வேறு எவன் பெயரிலோ. சொந்தப் பெயரில் ஒன்றும் இல்லாமல் இருப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

தளத்தின் முகவரியை மார்க்கரால் கம்பெனி பஸ்களில் சீட்டின் முதுகில் எழுதினோம். சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோக்களில் எழுதினோம். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள் பாத்ரூம் கதவில் எழுதினார்கள். புகார்கள் வந்தன. விசாரித்துப் போட்டோம். இரண்டு இடத்தில் டேப்பை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் புகார் குறைந்தது. பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.

"எல்லா மெஷினும் சரியாயிட்டு போல," என்றான் ரூம்மேட். சிரித்தோம். ஆட்களுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேறு கம்பெனியில் பிரஸ் ஓட்டுபவள். நான்தான் தளத்தை நடத்துகிறேன் என்று ஹாஸ்டலில் சொல்லியிருக்கிறார்கள். கையில் துணிப்பை, பெட்டி. ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

"அண்ணா, உங்க சைட்ல எழுதுனேன். மூணாம் நாள் கேட்ல நிப்பாட்டிட்டாங்க. கார்டு வேலை செய்யலன்னு சொல்றாங்க. என்கூட எழுதுன ரெண்டு பேருக்கும் அதேதான்."

"நீங்க எழுதுனது எனக்கு வரவே இல்லையேம்மா."

பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப யாருக்குப் போச்சு?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் வேலைக்குப் போகாமல் அறைக்குத் திரும்பினேன். பாஸ்வேர்டு போட்டேன், தளம் திறந்தது. புகார்ப் பட்டியல் காலியாக இருந்தது. நான் எழுதிய புரோகிராமைத் திறக்கப் பார்த்தேன், அனுமதி இல்லை என்று வந்தது. எங்களைப் பார்க்க மட்டும் விட்டிருந்தார்கள், அதுவும் எங்களுக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்காக.

ஒரு சோதனை செய்தேன். பொய்ப் பெயரில் எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு புகார் எழுதினேன்: பதினேழாம் நம்பர் பிரஸ்ஸில் பட்டனுக்கு டேப் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது மொத்தமே பதினாலு பிரஸ். பதினேழு என்ற நம்பர் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

மறுநாளைக்கு மறுநாள் காலை மீட்டிங். வரிசையில் நின்றோம். சூப்பர்வைசர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பதினேழாம் நம்பர் பிரஸ்ஸு எங்கடா கீது? எனக்கும் கொஞ்சம் காட்டுங்கடா, பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சரி, போங்க. அப்பறம், கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் யாருனா இருந்தா என்னை வந்து பாரு. வேலை கீது."

அன்று மத்தியானமே மாடியேறினேன். அதே மேசை, அதே அட்டைகள், வேறு முகங்கள். அவர் லேமினேட் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சைட்டு ஓடிக்கினுதான் கீது. நின்னுச்சா? சொல்லு, ஒரு நாளாச்சும் நின்னுச்சா?"

"அதை நிறுத்திடுங்கண்ணே. மூடிடுங்க."

"என் பேர்ல கீற சைட்ட நான் ஏன்பா மூடணும்? கையெழுத்து போட்டது யாரு?"

"யார்கிட்ட குடுத்தீங்க?"

"நேர்ல வந்து கேட்டாங்க," என்றார். அடுத்த அட்டையை மெஷினுக்குள் விட்டார்.

டொமைன் பதிவு செய்யும் கம்பெனிக்கு எழுதினேன். உரிமையாளரிடம் மட்டும்தான் பேசுவோம் என்று பதில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை என் கார்டுக்கும் கேட் திறக்கவில்லை. 'நான் சொன்னேன் பார்த்தாயா' என்று ரூம்மேட் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

அதைப் பழைய துணியில் நனைத்து, நாங்கள் எழுதிய முகவரியை நாங்களே அழித்தோம். ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள், பெயிண்ட் போகிறது என்று. கம்பெனி பஸ்ஸில் என்னை ஏற விடவில்லை. அவன் தனியாக ஏறி எத்தனை சீட்டைத் துடைக்க முடியும்? யார் யாரோ பார்த்து எழுதி, எங்களுக்குத் தெரியாத பஸ்களிலெல்லாம் முகவரி இருந்தது. மண்ணூர்ப் பக்கம் ஒரு டீக்கடைப் பலகையில்கூடப் பார்த்தேன். அது எங்கள் கையெழுத்து இல்லை.

மூன்று வருஷம் ஆகிறது. தளம் இன்றும் ஓடுகிறது. போன வாரமும் திறந்து பார்த்தேன். நான் வரைந்த அதே முதல் பக்கம். "உங்கள் பெயர் வெளியே போகாது" என்று நான் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. கீழே காலிக் கட்டம். யாராவது ஒருத்தி ஷிப்டு முடிந்து வந்து, போனில் அதைத் திறந்து, தன் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டிருப்பாள்.

நின்றால் சட்டையைப் பிடி என்றாய். நிற்கவில்லை, அதனால் பிடிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் சொல்லாதே, எனக்கு அது வேண்டாம். நேரில் வந்து கேட்டது யார்? எழுதுகிறவர்களின் பெயர்கள் இன்று யாருக்குப் போகின்றன? உன் பெயரில் இருக்கிற அந்தத் தளத்தின் முதல் பக்கத்திலேயே, அந்தக் கட்டத்துக்கு மேலேயே, எழுத வருகிற எல்லோரும் படிக்கிற மாதிரி பதிலைப் போடு.